தேய்மானம் சேராது

பெட்டிக்குள் எட்டுப் பலகைத் தாள்கள்.
லேசர் அறுத்த விளிம்பில்
இன்னும் கருகல் வாசனை.
எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில்
ஒரு சரக்குக் கொட்டகை.
கதவு என் கட்டைவிரலில் பாதி.

இசிப்பிங்கோவில், மூன்றாம் மாடியில்,
சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாள் விரித்து உட்கார்கிறேன்.
எட்டு மணிக்கு மின்வெட்டு.
அதற்குள் நான்கு சுவரும் நின்றாக வேண்டும்.

குறிப்புத்தாள் சொல்கிறது:
கம்பித்தூரிகையால் மரத்தின் வரியோடு கீறு.
ஆணி வருமிடமெல்லாம் ஊசியால் குத்து.
கறுப்பு மையை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசு.
ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் பலகை வளைந்துகொள்ளும்,
இரண்டு பக்கமும் நனை.
நனைத்தேன்.
ஊறுகாய்ப் போத்தல் இரண்டைப் பாரம் வைத்தேன்.

அப்புறம் சொல்கிறது:
தெற்குச் சுவர் வெயில் தின்றது, வெளிறவிடு.
வடக்குக்குப் பாசி.
எழுதியவர் பூமியின் அந்தப் பாதியில் இருக்கிறார்.
இங்கே சூரியன் வடக்கே நடக்கிறது.
எங்கள் கட்டடத்தின் தென்புறத்தில்
போட்ட துணி காயாது,
பல்லிகூட வடக்கே வந்துதான் குளிர்காயும்.
தெற்கை அடித்து வடக்கு என்று எழுதினேன்.
பச்சைச் சாக்பீஸைத் தேய்த்துப் பொடியாக்கித்
தென்சுவரின் காலடியில் ஊதினேன்.

பகலில் எனக்கு வேறு வேலை.
காப்பீட்டுக் கம்பெனிக்குச் சேதம் அளப்பவள்.
ஏணி, கேமரா, அளவுநாடா, ஒரு படிவம்.
புயல் செய்ததற்குப் பணம் உண்டு,
காலம் செய்ததற்குக் கிடையாது.
'தேய்மானம் சேராது':
பத்தொன்பது வருடமாக இந்த ஒரு வரியை
எத்தனை வாசலில் வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்திருக்கிறேன்.

புயலுக்கு மறுவாரம், வெருலத்தில்,
தீனதயாளன் கவெண்டர் வீட்டுக் கூரையில் ஏறினேன்.
ஒரு தகரம் பறந்துபோய்ப்
பக்கத்துக் கரும்புக்குள் கிடந்தது.
ஆணித்துளையில் துரு.
துரு வட்டமாக இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.
இல்லை, கோப்பையின் வெளிப்புறம் தேநீர் வழிந்ததுபோல
மழை போன வழியே இறங்கியிருந்தது,
மேலே அடர்த்தி, கீழே போகப்போக மஞ்சள்.
பன்னிரண்டு படம் எடுத்தேன்.
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"காத்துதானேம்மா கொண்டுபோச்சு?"
காற்றுதான்.
ஆணி அதற்கு முன்பே விட்டுப்போயிருந்தது
என்று படிவத்தில் எழுதினேன்.
பொய் இல்லை.

அந்தப் படங்களில் ஏழாவது
இப்போது டார்ச் வெளிச்சத்தில் மேசைமேல்.
வினிகரில் ஒரு வாரம் ஊறிய இரும்புப் பஞ்சு
காயவைத்தால் நல்ல துரு தருகிறது.
இருப்பதிலேயே மெல்லிய தூரிகை.
ஒவ்வோர் ஆணித்தலையிலிருந்தும்
மூச்சடக்கி ஒரு கோடு கீழே இழுக்கிறேன்.
முப்பது வருடம், இருபது நிமிடத்தில்.
நன்றாக வருகிறது.
கூச்சப்படும் அளவுக்கு நன்றாக.

போன வியாழன் அந்தத் தெரு வழியே வந்தேன்.
அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை,
நெடுஞ்சாலையில் நெரிசல் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
பழுப்புக் கூரையின் நடுவே
ஒரே ஒரு தகரம், புதுசு,
கண் கூசியது.
எங்கே கடன் வாங்கினாரோ.

இன்றிரவு, ஒட்டி முடித்த கூரையில்
இடமிருந்து நாலாவது தகட்டைக்
கத்தி நுனியால் நெம்பி எடுத்தேன்.
பசை கொஞ்சம் மரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.
சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு துண்டு,
மை தீர்ந்த பேனாவால் நெளிநெளியாக அழுத்தி
அந்த இடத்தில் வைத்தேன்.
துரு பூசவில்லை.
குறிப்புத்தாளில் இதற்குப் படம் கிடையாது.

பத்தரைக்கு மின்சாரம் வந்தது.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உலுக்கிக்கொண்டு எழுந்தது.
தீக்குச்சிகளை நீளவாக்கில் கீறி ஏணி செய்து
வடக்குச் சுவரில் சாய்த்தேன்.
கீழே நின்று பிடித்துக்கொள்ள
ஆள் இன்னும் செய்யவில்லை.